ஊர்வலப் படத்தில் நான் அடைத்த கை

எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு ஓவியம் படிக்க வந்தவன் நான். வகுப்பில் கறுத்த முகம் என்னுடையது ஒன்றுதான். ஒருவரும் கெட்டவர்களில்லை, ஆனால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மதியம் தனியே இருந்து பாணும் முட்டைப் பொரியலும் தின்பேன்.

ஒரு சனிக்கிழமை அரிசிப் பையோடு ட்ராமுக்கு நின்றபோது, பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தைக் கேட்டு ஊர்வலமாக வந்தார்கள். முன்வரிசையில் வந்த பெண்ணொருத்தி கையை நீட்டி, வா என்று கூப்பிட்டாள். யாரைக் கூப்பிடுகிறாளென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. போக ஆசையாக இருந்தது. ஊர்வலத்தில் பிடிபட்டால் மாணவ விசா போய்விடும் என்று நினைத்ததும் கால் எழும்பவில்லை. ட்ராம் வந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் ஊர்வலத்தின் படமொன்று வந்திருந்தது. ஓரத்தில் பையோடு நான், என் பக்கம் நீட்டியபடி அவள் கை.

அப்போது வகுப்பு முழுக்கப் பொப் ஆர்ட் பைத்தியம். பேப்பர்ப் படத்தைப் பெருப்பித்து, புள்ளி புள்ளியாகத் துணித் திரையில் ஏற்றி, மஞ்சளிலும் ரோஸிலும் அச்சடிப்போம். அச்சில் விழக்கூடாத இடத்தைத் திரையில் பசை பூசி அடைத்துவிடலாம். நான் அந்த ஊர்வலப் படத்தை எடுத்து, என் பையை அடைத்தேன். நடைபாதை விளிம்பை அடைத்தேன். அவளுடைய கையையும் அடைத்தேன், அது தெரிந்தால் நான் வெளியே நின்றவன் என்று காட்டிக்கொடுத்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரன்!

"நீயும் நடந்தாயா?" என்று வகுப்பில் கேட்டார்கள். தலையாட்டினேன். அன்றிலிருந்து மதியத்தில் எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள். அது எவ்வளவு இனித்தது என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கல்லூரிக் கண்காட்சிக்கு அந்தப் பெண் வந்தாள். படத்தின் முன் கனநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அரிசிப் பையோடு நின்றது நீங்கள்தானே? தனியே நிற்கிறீர்களே என்றுதான் கூப்பிட்டேன்."

வகுப்பு மாணவர்கள் பக்கத்தில் நின்றார்கள். எனக்குக் கதிரை நினைவு வந்தது.

"நானில்லை. நான் ஊர்வலத்துக்குள் நடந்தவன்," என்றேன்.

அவள் திரும்பவும் படத்தைப் பார்த்தாள், தன் கை இருந்திருக்க வேண்டிய இடத்தை. "அப்படியென்றால் அது வேறு யாரோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாளும் கதிரை போட்டார்கள். எல்லோருக்கும் நடுவில் இருந்து சாப்பிட்டேன். நான் தனியாள் என்று அந்த ஊரில் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான்.