சொல்லிவிட்டுப் பார்க்கிறவள்

தண்ணீர் பம்ப் விற்கும் அந்தக் கம்பெனியில் அவள் எல்லோருக்கும் சிஸ்டம் அக்கா. அவளைவிட வயதில் மூத்த கணக்காளருக்குக்கூட. வாசலில் உட்கார்ந்து போன் எடுக்கத்தான் முதலில் வந்தாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்வார். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இது ஏன், அது எதற்கு என்று துளைத்தெடுப்பாள். கடைசியில் அவரே, "இனிமே என்னை எதுக்குங்க கூப்பிடுறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து முறையாகவும் படித்தாள். இப்போது மாடியில் சர்வர் இருக்கும் குளிர்ந்த அறை அவளுடைய ராஜ்ஜியம். உள்ளே போகும்போது ஒரு ஸ்வெட்டர், வெளியே வரும்போது அதைக் கழற்றி இடுப்பில் ஒரு கட்டு. தங்கையும் அதே கம்பெனியில், கீழே விற்பனைப் பிரிவில் இருந்தாள்.

புது மேனேஜர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாம கஸ்டமருக்கு என்ன ரேட் கொடுத்தாலும், எதிர்க் கம்பெனிக்காரன் அதைவிடக் கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கிறான். உள்ள இருந்து யாரோ சொல்றாங்க. எல்லார் கம்ப்யூட்டர்லயும் ஒரு சாஃப்ட்வேர் போடுங்க. என்ன டைப் பண்றாங்க, ஸ்கிரீன்ல என்ன இருக்கு, எல்லாம் எனக்கு வரணும். காதும் காதும் வெச்ச மாதிரி முடிங்க."

"போடலாம் சார். ஆனா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போடுவேன்."

"சொல்லிட்டா அப்புறம் எவன் மாட்டுவான்?"

"டைப் பண்றதை எல்லாம் எடுத்தா, அவங்க பேங்க் பாஸ்வேர்டும் சேர்ந்து வரும் சார். நாளைக்கு ஒருத்தர் பணம் காணோம்னா முதல்ல என்னைக் கேப்பாங்க, அப்புறம் உங்களைக் கேப்பாங்க. எந்தெந்த சைட் திறக்குறாங்கன்னு மட்டும் பார்ப்போம். அதையும் நான் தனியா திறக்க மாட்டேன், கணக்காளர் பக்கத்துல இருக்கணும்."

மேனேஜர் வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று மிரட்டிப் பார்த்தார். "தாராளமா போடுங்க சார், சாவியை இப்பவே தந்துடுறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அவர் மென்று முழுங்கிக்கொண்டு சரி என்றார்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் எல்லோரையும் நிற்க வைத்து, எந்தெந்த சைட் திறக்கிறார்கள் என்பது இனிமேல் பதிவாகும் என்று சொன்னாள். முணுமுணுப்பு எழுந்தது. டெலிவரி பிரிவுக்காரர் ஒருவர், "நான் பாட்டு கேட்டாக்கூட தெரியுமாக்கா?" என்றார்.

"எந்த சைட்ல கேக்குறீங்கன்னு தெரியும். என்ன பாட்டுன்னு தெரியாது. ஆனா நீங்க கூடவே பாடுறது மாடி வரைக்கும் கேக்குது."

சிரிப்பில் பாதிக் கோபம் போய்விட்டது. தங்கை மட்டும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "வீட்லயும் போலீஸ், இங்கயும் போலீஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாதம் முடிந்ததும் கணக்காளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவைத் திறந்தாள். ரயில் டிக்கெட், கிரிக்கெட் ஸ்கோர், யாரோ ஒருவர் திரும்பத் திரும்பப் பார்த்த புது வண்டி விலை. பிறகு அந்தக் கணினி வந்தது. அநேகமாக எல்லா மதியமும் எதிர்க் கம்பெனியின் சைட் அதில் திறந்திருந்தது. அது தங்கையின் மேசை.

கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வீட்ல வெச்சு முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கயேன்மா. நான் இன்னும் பார்க்கலைன்னு வெச்சுக்கிறேன்" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு நிமிடம் அவளும் யோசித்தாள். இன்னொருவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அப்படிச் செய்வேனா என்று தோன்றியதும் எழுந்துவிட்டாள். நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், இது என் தங்கச்சி. அதனால நான் விசாரிக்கக் கூடாது. நீங்களும் கணக்காளரும் கேளுங்க. ஆனா அவளைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேளுங்க. கேக்குறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிடாதீங்க."

தங்கை வந்தாள். மேசையில் தன் கணினியின் பதிவுத் தாள் இருந்ததைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"ஆமா சார், தினமும் பார்க்கிறேன். விலை குறைச்சவங்க எதைக் குறைச்சிருக்காங்கன்னு தெரியணும்ல? வாரன்ட்டி நம்மள்ல பாதிதான். அதைச் சொல்லித்தான் நம்மளை விட்டுப் போன பல கஸ்டமரைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கேன்."

"அப்ப நம்ம ரேட் அவங்களுக்கு எப்படித் தெரியுது?" என்றார் மேனேஜர்.

"அதை யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே. போன வாரம் கைவிட்டுப் போன கஸ்டமருக்கு இப்பவே ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அந்தக் கஸ்டமர் ஒரு லாட்ஜ் நடத்துபவர். கேட்டதும் மறுமுனையில் உற்சாகமாகச் சிரித்தார். "நான்தான் சார் உங்க கொட்டேஷனை அவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். இதைவிடக் குறைப்பியான்னு கேட்டேன், குறைச்சான். நாலு இடத்துல கேக்காம யாராவது பம்ப் வாங்குவாங்களா? ஏன், நீங்க குறைக்கிறீங்களா?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்துவிட்டுத் தங்கையிடம், "தப்பா நினைச்சுட்டேம்மா" என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு மனம் இருந்தது. அதைப் பிறகு அக்காவே பலரிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து கொட்டேஷனோடு வாரன்ட்டி விவரமும் சேர்ந்து போக ஆரம்பித்தது. அதை எழுதும் பொறுப்பு தங்கைக்கு வந்தது.

மாடிப்படியில் தங்கை வழிமறித்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீ சொன்னதை நான் உடனே நம்பியிருப்பேன். வேற யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அக்காக்காரி மூடி மறைச்சுட்டான்னு காலம் பூரா பேசுவாங்க. இப்ப உன்மேல யாராவது விரலை நீட்ட முடியுமா?"

"நியாயமெல்லாம் நல்லாத்தான் பேசுற. உள்ள நான் நடுங்கினது எனக்குத்தான் தெரியும்."

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். அவள் உதறவில்லை, பிடி கொடுக்கவும் இல்லை. கொஞ்ச காலம் அக்கா வீட்டுப் பக்கம் வராமலே இருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர், "நான் போய்ப் பேசட்டுமா?" என்றபோது, "வேண்டாங்க. கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கு. தீரட்டும்" என்றாள். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தங்கைக்கு வலித்தது என்பதிலும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

பதிவைத் திறக்கும் முறையில் மட்டும் ஒன்றைச் சேர்க்க வைத்தாள்: யாருடைய கணினியில் சந்தேகம் வந்தாலும், விஷயம் மேனேஜருக்குப் போகும் முன்னால் அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டும். மேனேஜர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். புது விதியைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டியபோது, தங்கை தன் டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா படி. பின்னாடி கேக்கலையாம்" என்றாள்.