ஆர்ச்சுக்கு வெளியே ஒரு பகல் வீடு

நெய்வேலி நகரியத்துக்குள் இருந்தவரை எங்களுக்கு எதையும் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்ததில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னால் மாலைக்குள் ஏணியோடு ஆள் வந்துவிடுவார். குழாயைத் திறந்தால் தண்ணீர். உடம்புக்கு முடியவில்லை என்றால் சைக்கிள் மிதித்தே போகும் தூரத்தில் மருத்துவமனை. அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் வீட்டுத் தேவைகள் எல்லாம் அடங்கிப்போயிருந்தன.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டி, வடலூர் போகிற வழியில், ஓர் ஊராட்சிக்குள் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டோம். அந்த வீட்டில் அம்மா ஒரே ஒரு பொங்கல்தான் வைத்தாள். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். அது நடந்து ஓராண்டு ஆவதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை.

நான் வடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எனக்குத் திருமணம் ஆகவில்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. காலையில் அப்பாவுக்கு இட்லியை ஊட்டிவிட்டு, மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன். மாலையில் திரும்பும்போது தெருமுனையிலிருந்தே தெரியும், அப்பா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சட்டைப் பொத்தான்கள் மாறி மாறிப் போட்டிருக்கும். என்னைத்தான் எதிர்பார்க்கிறார் என்று நினைத்து வேகமாக நடப்பேன். நான் உள்ளே நுழைந்த பிறகும் அவர் கண் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்குப் போன் வந்தது. எங்கள் தெரு ஆட்டோக்காரர் பேசினார்.

"டீச்சர், அப்பா ஆர்ச்சாண்ட உக்காந்துகினு இருக்காருங்க. எவ்ளோ கூப்ட்டாலும் வர மாட்டேங்கறாரு. உள்ள போவணும்னு கையாலயே காட்டறாரு."

அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போனார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளங்கால் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மறுபடி நகரியத்துப் பக்கம் கையைக் காட்டினார். நான் அழுதுகொண்டே ஆட்டோவில் ஏற்றினேன்.

அன்றிலிருந்து உதவி தேடி அலைய ஆரம்பித்தேன். மருந்து மாத்திரைக்குக் குறையில்லை. வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்க ஒரு மனிதர்தான் கிடைக்கவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து இரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் ஒரு நாள் வருவார். கை கால் பயிற்சி கொடுப்பவர் வேறொரு நாள் வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டேன்.

"பென்ஷன்னா எழுதித் தரலாம் டீச்சர். ஆளப் பாத்துக்கறதெல்லாம் குடும்பந்தான?" என்றார் அங்கிருந்தவர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

அடுத்து நடந்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூட வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். சாலை, சாக்கடை, குடிநீர் என்று பேச்சு ஓடியது. கடைசியில் எழுந்தேன். தினமும் நாற்பது பிள்ளைகள் முன்னால் பேசுகிறவள்தான், அன்றைக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊராட்சி ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டேன். யாரோ பின்னாலிருந்து, "அதுக்குத்தான் பெத்து வளக்கறது" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அப்போது பெண்கள் வரிசையில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் எழுந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை.

"எங்கூட்டுக்காரருக்குச் சக்கர வியாதில கால் வெரல எடுத்துட்டாங்க. நடக்க மாட்டாரு. நான் வேலைக்கிப் போவும்போது அவர உள்ள வச்சி வெளிய பூட்டிக்கினு போறேங்க. ஒரு நெருப்பு பத்திக்கினா அவரால வெளிய வர முடியாது. அது தெரிஞ்சிதான் தெனமும் பூட்டறேன். இப்ப சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஊராட்சித் தலைவர் என் வயதுப் பெண். மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு, "அந்தப் பழைய பாலவாடிக் கட்டடம் சும்மாதான கெடக்குது" என்றார்.

அது அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. தீர்மானம் போட்டு மேலே அனுப்பினால், முதியோர் என்றால் வேறு துறை, கட்டடம் என்றால் வேறு துறை என்று திரும்பி வந்தது. தலைவர் விடவில்லை. என்னையும் கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். சத்துணவில் சமைத்துப் பழகிய மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேர் பகலில் இருந்து பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். நர்ஸும் பயிற்சி கொடுப்பவரும் வீடு வீடாக அலைவதை விட்டு ஒரே நாளில் அங்கே வருவதாகச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் புதிதாக எதுவும் வானத்திலிருந்து இறங்கவில்லை. தனித்தனியாக வந்து பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போனவர்கள் ஓரிடத்தில் கூடினார்கள், அவ்வளவுதான். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தார்கள். பிள்ளைகளுக்காகச் சுவரில் வரைந்திருந்த கிளியையும் யானையையும் அழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஊரில் எல்லோரும் அதைப் பகல் வீடு என்று சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் நாள் அப்பா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. கம்பியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உள்ளே வராந்தாவில் கால் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டார்.

"வாங்க சார்! ஜெனரல் ஷிப்ட்டு ஆரம்பிச்சிடுச்சி, இன்னும் பஸ்லயே உக்காந்துகினு இருந்தா எப்பிடி?"

அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மெதுவாக ஒரு காலைக் கீழே வைத்தார்.

கூப்பிட்டவர் அந்த அக்காவின் கணவர். அவரும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்திருக்கிறார், கான்ட்ராக்டில். அப்பா வேலை செய்த அதே சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரும் வேலை. அப்பாவுக்கு குவார்ட்டர்ஸும் மருத்துவமனையும் இருந்தன. அவருக்கு இரண்டுமே இல்லை. இதைப் பற்றி ஒருநாள் அவரிடம் தயங்கித் தயங்கிப் பேசினேன்.

"அத்தினி வருசம் ஒரே பள்ளத்துல எறங்கி ஏறியிருக்கோம் டீச்சரம்மா. அவரு அந்தப் பஸ்ஸு, நானு இந்த லாரி. ஒரு நாளு மூஞ்சியப் பாத்து பேசுனதில்ல. இப்பத்தான் டைம் கெடச்சிருக்கு" என்று சிரித்தார்.

சில மாதங்கள் போயின. பள்ளியில் சீக்கிரம் விட்டுவிட்ட ஒரு நாள் பகல் வீட்டுக்கு நேராகப் போனேன். வராந்தாவில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றும்போது அப்பாவின் குரல் கேட்டது. குழறலாக, ஒவ்வொரு சொல்லாக. ஆனால் பேச்சு. அவர் சொல்லச் சொல்ல மற்றவர் "ஆமாண்ணே, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அப்பா நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "என்னப்பா பேசினீங்க? எங்கிட்டயும் சொல்லுங்களேன்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஊட்டும்போது எனக்குக் கோபம் வந்தது. குளிப்பாட்டுகிறவள் நான், துணி துவைக்கிறவள் நான். திரும்பி வந்த பேச்சு மட்டும் வேறொருவருக்கு.

மறுநாள் பகல் வீட்டில் அக்காவின் கணவரிடமே கேட்டேன். "ஐயா, அப்பா என்ன பேசறாரு? என்னப் பத்தி ஏதாவது சொல்றாரா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். எனக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பார்.

"இல்லீங்க டீச்சரம்மா. அம்மாவப் பத்திதான். குவார்ட்டர்ஸ்ல அவங்க தனியா இருக்காங்களாம். இவரு ஷிப்ட்டு முடிஞ்சி போற வரைக்கும் சாப்ட மாட்டாங்களாம். அதான், என்ன ஏன் இங்கியே ஒக்கார வச்சிட்டாங்கன்னு கேக்கறாரு. உங்களாண்ட சொன்னா அழுவீங்கன்னு தெரியுது அவருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து அப்பாவை எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு அக்காவின் கணவரும் ஆட்டோவில் வந்தார். ஆர்ச்சுக்குள் நுழைந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். மரங்கள் மூடிய அந்தச் சாலைகளில் திரும்ப வேண்டிய இடங்களை எல்லாம் ஆட்டோக்காரருக்குக் கையாலேயே காட்டினார். வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருந்தது. கைக்குழந்தையோடு கதவைத் திறந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, "உள்ள வாங்க" என்று வழிவிட்டார்.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பு இடம் மாறியிருந்தது. ஜன்னலில் குழந்தையின் பால் புட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்ல" என்றார். நோய் வந்த பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

"ஆமாப்பா. இல்ல" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அழுதார். நான் கண்ணைத் துடைக்கப் போனபோது பக்கத்தில் இருந்தவர் தடுத்தார். "அழுவட்டும் வுடுங்க டீச்சரம்மா. அவங்க போன அன்னிக்கி அழுதிருக்க மாட்டாரு." அது உண்மை. அன்றைக்கு அப்பா வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா வாசலில் நிற்பதில்லை. பகல் வீட்டிலிருந்து வந்ததும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். என்னிடமும் இரண்டொரு சொல் பேசுகிறார். நல்ல முன்னேற்றம் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்கிறார். பக்கத்து ஊராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் காத்திருந்தவரை அம்மா நகரியத்துக்குள் ஏதோ ஒரு பிளாக்கில், ஏதோ ஒரு வீட்டில், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் எங்கேயும் இல்லை. தெருமுனையில் திரும்பும்போது காலியான வாசல் தெரிகிறது. கால் தானாகத் தயங்குகிறது.

போன வாரம் பகல் வீட்டில் அந்த அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், முன்பு எங்கள் பிளாக் தெருக்களில் பெருக்கும் வேலை பார்த்ததாகச் சொன்னார். எந்த வீடு, எந்த வாசல் என்று சொல்லி, "எங்கம்மாவப் பாத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன்.

அவர் கழுவுவதை நிறுத்தினார்.

"பாத்திருப்பேன் டீச்சர். நெனப்பு இல்ல. எத்தினியோ அம்மாங்க. வெயில்ல கூப்ட்டு மோரு குடுப்பாங்க சில பேரு."

"எங்கம்மா மோர்ல இஞ்சி தட்டிப் போடுவாங்க."

"அப்ப குடிச்சிருப்பேன்" என்றார். அவர் கழுவிக் கொடுத்த டம்ளர்களை வாங்கித் துடைத்து அடுக்கினேன்.