மடியா இருக்கு அக்கா

மற்ற ஊர்த் தமிழர்கள் மடி என்றால் சோம்பல் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாறசாலைப் பக்கத்தில் எங்களுக்கு அது மனம் விரும்பியும் கால் எடுத்து வைக்கவிடாத கூச்சம். முதல் அழைப்பிலேயே சாப்பிட உட்காருகிறவனைக் காணாததைக் கண்டவன் என்பார்கள். அதனால் பசி வயிற்றைக் கிள்ளினாலும் வந்தவர், “வேண்டாம், மடியாக்கும்” என்பார். வீட்டுக்காரர் மறுபடி அழைக்க வேண்டும். அப்புறம் பாருங்கள், சட்டி காலியாகிவிடும்.

எல்லைப் போராட்டம் நடந்த காலம். தமிழ்ப் பகுதிகளை மதராஸோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பியும் அவர்களில் ஒருவர். ஒரு நாள் அந்தி மழையில் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். போராட்டக்காரனுக்கு இடம் கொடுத்தால் வேலை போய்விடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா உள்ளே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“கேறி வா மக்கா, கஞ்சியும் மீனும் உண்டு. இன்னைக்கு இங்க கிட” என்றாள் அம்மா.

“வேண்டாம் அக்கா. மடியா இருக்கு.”

சொன்னவர் போகவில்லை. தலைத் துண்டைப் பிழிந்தார், உதறினார், மறுபடி பிழிந்தார். கொட்டுகிற மழையில் எதைப் பிழிய? அவர் இன்னொரு அழைப்புக்குக் காத்து நிற்பது கதவோரம் நின்ற எனக்கே தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியாதா? அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“அப்போ வாறேன்” என்று மாமா பொழியூர்ப் பாதையில் இறங்கினார். வழியிலேயே பிடித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் வாங்கிய அடியிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா வாசலுக்கு வந்த யாரையும் விட்டதில்லை. பாத்திரக்காரனைக்கூடக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் மழை வலுத்தால் முற்றத்தில் யாரோ ஈரத் துண்டை உதறுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பென்ஷன் வாங்கும்வரை பார்த்தார். அவர் சம்பளத்தில் வாங்கிய அரிசியை அம்மா எங்களுக்கு வடித்துப் போடுவாள். அவள் மட்டும் சாகும்வரை தோட்டத்தில் பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கைத்தான் தின்றாள். ஏன் என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை.