உள்ளங்கையில் எழுந்து நின்ற தேங்காய்

இங்கே ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாலும் வாங்குகிறவர் உடனே கையை நீட்டமாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, சத்தம் அதிகம் எழாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வாங்குவார். மலாவிக்கு வந்த முதல் வாரம் ஒரு பெரியவருக்கு பிஸ்கட் பொட்டலம் நீட்டினேன். அவர் தட்டினார். ஏதோ பாராட்டுகிறார் என்று நினைத்து, பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டினேன். அவர் மறுபடி தட்டினார், நானும் விடவில்லை. நன்றியை இவர்கள் கையால் சொல்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. போன வருடம் விடுப்பில் ஊருக்குப் போனபோது சூலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னையறியாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். நீட்டிய டம்ளரைப் பிடித்தபடியே மாஸ்டர், "என்னங்க, கொசுவுங்களா?" என்றார்.

மிஷனரி என்றதும் நம் ஊர்க்காரர்கள் வெள்ளை அங்கியை நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அப்பா மதுக்கரையில் சிமெண்டு மூட்டை ஏற்றியவர். சூலூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் எட்டு மாதம் இருந்து பார்த்தேன். நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. போர்வெல் லாரியில் ஏறினேன். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று பதினோரு வருடம் லாரிக்கு அடியில்தான் படுக்கை. ராடு விழுந்து இடதுகைச் சுண்டுவிரல் நுனி போனது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு நின்றேன். நானூறு அடி இறங்கியும் வெறும் புழுதியே வருகிற நாட்களில் வாய்க்குள் ஜெபம் செய்யத் தொடங்கினேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கோவையில் எங்கள் சபையார் ஆப்பிரிக்காவுக்கு ஊழியக்காரர் தேடியபோது, வேதம் படித்தவர்கள் பலர் இருந்தார்கள். அடிபம்பு ரிப்பேர் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வந்து ஆறு வருடம் ஆகிறது. காலையில் ஜெபம், பிறகு சைக்கிளில் ஸ்பேனர் பையோடு ஊர் ஊராகப் பம்பு பார்ப்பது. மலேரியா மூன்று முறை வந்து போனது. மக்காச்சோள மாவில் கிண்டுகிற என்சீமா, நம் ராகிக் களிக்கு வெள்ளைத் தம்பி. அதைத்தான் இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன். போதகரை இங்கே 'அபூசா' என்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் கிடையாது என்று எத்தனை முறை சொல்லியும் என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் இருக்கும் கிராமத்தில் அப்போது பம்பு இல்லை. பெண்கள் தண்ணீருக்காக ஓடைவரை ஒரு மணி நேரம் நடந்தார்கள். எஸ்நாத்தி அவர்களில் ஒருத்தி. கணவன் சுரங்க வேலைக்குத் தென்னாப்பிரிக்கா போனவன், திரும்பவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு ஓடைத் தண்ணீரால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் மாறி மாறி வரும். அந்தக் குழந்தையின் இடுப்பில் மருந்துவேர் முடிந்த கறுப்புக் கயிறு ஒன்று இருந்தது. எஸ்நாத்தியின் அம்மா சாகும் முன் கட்டிவிட்டது. ஞானஸ்நானத்துக்கு முன் அதை அறுக்கவேண்டும் என்பது இங்குள்ள சபை மூப்பர்களின் கண்டிப்பு. கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்கள். அறுத்தேன். அவள் அழவில்லை, கயிறு விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் இடுப்பிலும் சின்ன வயதில் அரைஞாண் கயிறு இருந்தது. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனால் எங்கள் போதகர் ஒருநாளும் கத்தரிக்கோல் எடுத்ததில்லை. அன்று இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வறண்ட காலத்தில் ஒருவழியாகப் போர் போட ஏற்பாடானது. வண்டி ஒரு வியாழக்கிழமை வரும், ஒரே நாள், ஒரே குழி. நீரோட்டம் பார்க்கும் மெஷினோடு வந்து இடம் குறிக்கவேண்டியவர் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நடந்தால், அடியில் நீரோட்டம் உள்ள இடத்தில் அது எழுந்து நிற்கும் என்பதைக் கொங்கு நாட்டில் விளக்கவேண்டியதில்லை. என்னோடு லாரியில் இருந்த அந்தியூர் பழனிச்சாமி அண்ணனிடம் பழகியது அது. கோவையில் எங்கள் சபை வளாகத்துக்கே அவர்தான் தண்ணீர்ப் பாயிண்டு பார்த்தார். அதற்குப் பிறகு போதகர் ஜெபம் பண்ணித்தான் வேலை தொடங்கியது. எங்களுக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை. மலாவி ஏரிக்கரைச் சந்தையில் தேங்காய் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலையில் கிராமத்தைச் சுற்றினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அது செங்குத்தாக எழுந்து நின்றது. சந்தோஷத்தோடு திரும்பினேன். ஓடையிலிருந்து வந்த பெண்கள் தலையில் வாளியோடு நின்றிருந்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை.

மறுநாள் ஆராதனைக்கு வந்தது நான்கே பேர். அதில் ஒருவர் யோஹானி, பள்ளி ஆசிரியர், என் பேச்சை மொழிபெயர்ப்பவர். கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு மறைந்திருப்பதைத் தேடி நடப்பது மந்திர வைத்தியர் செய்கிற வேலை என்று அவர்தான் சொன்னார். அந்த வைத்தியரை சிங்கங்கா என்பார்கள். அவரிடம் போவதை விட்டுவிட்டுத்தான் இவர்களெல்லாம் சபைக்கு வந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எஸ்நாத்தி யோஹானியோடு வந்தாள், குழந்தை முதுகில். உட்காரவில்லை.

"என் பிள்ளையின் கயிற்றை அறுத்தீர்கள். அதன் பிறகு காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், ஜெபம் செய்கிறேன். வேறு எதையும் தேடவில்லை. உங்களுக்குத் தேவை வந்ததும் நீங்கள் மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்."

இது மந்திரமில்லை, உடம்பில் ஓடுகிற கரண்டு, எல்லாருக்கும் வராது, சிலர் கைக்குத்தான் வரும் என்று விளக்கினேன். யோஹானி பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்.

"இதை நான் சொல்லவேண்டாம் அபூசா. சிங்கங்காவும் இப்படித்தான் சொல்வார்."

கொடுத்த தேநீரைத் தொடாமலே அவள் போய்விட்டாள். இனி அவள் வராவிட்டால் மற்றவர்களும் வரமாட்டார்கள். அதைவிட, அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை.

பழனிச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தம்மா கேட்டது நாயந்தானுங்க தம்பி. தண்ணி எங்க இருக்குதுன்னு உங்க கர்த்தருக்குத் தெரியும்னா, என்ற தேங்கா எதுக்குங்க?" சிரிப்பு அடங்கியதும், "ஆனா பாயிண்டு பாயிண்டுதானுங்க. உட்டுப்போடாதீங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல். அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று நானும் நம்பினேன். அங்கே போட்டுத் தண்ணீர் வந்தால் தேங்காய்தான் ஜெயித்ததாகும். வேறு இடத்தில் போட்டு வராமல் போனால் இந்தப் பெண்கள் இன்னும் எத்தனை வருடம் நடப்பார்களோ.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாரையும் மாமரத்தடிக்கு அழைத்தேன். என் அரைஞாண் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். நான் விடாத ஒன்றை எஸ்நாத்தி விடவேண்டும் என்று கேட்டுவிட்டேன், கத்தரிக்கோல் பிடிக்க எனக்குத் தகுதி இல்லை என்றேன். தேங்காயைக் கல்லில் ஓங்கி உடைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். அதுவும் ஒரு பூசையாகத் தெரிந்துவிடும். ஸ்பேனரால் தட்டி உடைத்து, கத்தியால் சில்லு சில்லாகக் கீறி எல்லாருக்கும் கொடுத்தேன். முதலில் யோஹானி மென்றார். எங்கள் ஊரில் இதை அரைத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்வோம் என்றேன். இட்லி என்றால் என்ன என்று கேட்டார்கள். அதை விளக்குவதற்குள் பாதிக் கூட்டம் சிரித்துவிட்டது. எஸ்நாத்தி தன் சில்லைக் குழந்தையிடம் கொடுத்தாள். எங்கே போடலாம் என்று அவளையே கேட்டேன். கோடையிலும் இலை உதிராத ஒரு காட்டு அத்திமரத்தைக் காட்டினாள். என் இடத்திலிருந்து நல்ல தூரம்.

மறுநாள் வண்டி அங்கேதான் நின்றது. நூற்றைம்பது அடிவரை புழுதி. எனக்கு உள்ளுக்குள் பழைய வாய் ஜெபம் ஓடியது. இருநூறுக்குக் கொஞ்சம் முன்னால் மண் ஈரமாக வந்தது, பிறகு தண்ணீர். பீறிடவில்லை, வந்தது. இன்றைக்கும் ஒரு வாளி நிறைய நாற்பது தடவை அடிக்கவேண்டும். நடுப்பகலில் ஒரு மணி நேரம் பம்புக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். ஆனால் ஓடைக்கு யாரும் போவதில்லை. பம்பு மாட்டிய அன்று எஸ்நாத்தி முதல் டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு தட்டு தட்டிவிட்டு வாங்கிக் குடித்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போட்டிருந்தால் கொட்டியிருக்கும் என்று எனக்குள் ஒருவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆராதனைக்குப் போகும் பாதை அந்த வழிதான். அங்கே வந்ததும் வலதுகை தானாக முன்னால் நீண்டு, உள்ளங்கை மேல் பார்த்து விரிந்துவிடுகிறது. போன ஞாயிறும் அப்படித்தான் ஆனது. பின்னால் வந்த எஸ்நாத்தி, நான் போனில் பேசக் கேட்டுப் பழகிய வார்த்தையில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க அபூசா, கையில் என்ன?"

திரும்பி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பிறகு குழித்து, மெதுவாக இரண்டு தட்டு தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து போனாள். வலதுகை மட்டும் இன்னும் கனமாகத்தான் இருந்தது.