இரண்டாவது பிரேக்

டாக்ஸி முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் மாஸ்டரின் வலது கால் வேலையைத் தொடங்கிவிட்டது. முன்சீட்டில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் வெறும் ரப்பர் விரிப்புதான். எதிரே சைக்கிள் வந்தால் அதன்மேல் ஒரு மிதி. சிக்னல் மஞ்சளானால் இன்னொரு மிதி. வண்டி ஒழுங்காக நின்றுவிட்டால் தானே நிறுத்தியது போல ஒரு பெருமூச்சு.

"மெதுவா... ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்" என்று முணுமுணுக்கிறார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. அந்த வண்டியில் கிளட்சே கிடையாது. பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த அத்தை, சன்னலைப் பார்த்தபடி, "விரிப்பு கிழிஞ்சா நாமதான் தண்டம் அழணும்" என்றார்.

மாஸ்டர் என் மாமனார், அத்தை என் மாமியார். ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவருடைய காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவர் காலடியில் இன்னொரு பிரேக். இந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர் சாலைக்கு வந்தோம். நானும் அவரிடம் கற்றவன்தான். பிறகு அவர் மகளைக் கட்டிக்கொண்டேன். லைசென்ஸ் சீக்கிரமே கிடைத்துவிட்டது. பெண்ணைக் கேட்டபோதுதான் பிரேக் மேல் பிரேக்காக விழுந்தது.

ஆள் குள்ளம். கழுத்து எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், ஓட்டுகிறவர் காலடியை எட்டிப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. செருப்பு வாங்கினால் வலதுதான் முதலில் தேயும். இடது புத்தம் புதிதாக இருக்கும், தூக்கிப் போட மனசு வராது. வீட்டுப் பரணில் இடது கால் செருப்புகள் மட்டும் ஒரு கோணி நிறைய இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். "எவனாவது இடது கால்ல பிரேக் போடற மாஸ்டர் கிடைச்சா பாதி விலைக்குக் கொடுத்துடலாம்" என்பது அத்தையின் யோசனை.

வண்டியில் அவர் சாலையைப் பார்க்கவே மாட்டார். கற்றுக்கொள்கிறவர் காலைத்தான் பார்ப்பார். "ரோட்டைப் பாக்கறது உன் வேலை. உன் காலைப் பாக்கறது என் வேலை. மூஞ்சி பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், கால் பொய் சொல்லாது." இதைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை.

வீட்டிலும் அதே பிரேக்தான். எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "கொஞ்சம் பொறு" என்பார். அத்தை சுவருக்குப் பச்சை அடிக்கலாம் என்றால் கொஞ்சம் பொறு. சமையலறைக்கு ஒரு சன்னல் வைக்கலாம் என்றால் கொஞ்சம் பொறு. அந்தச் சன்னல் இன்றுவரை வரவில்லை. கல்யாணமான புதிதில் அத்தைக்குக் கார் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது. ஒருநாள் உட்கார்ந்தார். தெருமுனை வருவதற்குள் இவர் போட்ட பிரேக்குகளில் கை வளையல் ஸ்டீரிங்கில் மோதி உடைந்தது. வண்டியை நடுத்தெருவில் அப்படியே விட்டு இறங்கியவர், நடந்தே வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஓட்டுகிறவர் சீட்டில் உட்காரவே இல்லை. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் சொந்தப் பெண்டாட்டியை ஒரு தெரு தாண்ட விடவில்லை. கேட்டால், "பயம் மாப்பிள்ளை. அவளுக்கு இல்ல, எனக்கு" என்பார்.

என் மனைவிக்கு அலுவலகப் பயிற்சி என்று இந்த வெளிநாட்டுப் பயணம் அமைந்தது. நாங்கள் மூவரும் அவளோடு ஒட்டிக்கொண்டோம். வந்து இறங்கியதிலிருந்து மாஸ்டருக்குத் திசையே புரியவில்லை. இங்கே ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருகிறார், நம் ஊரில் மாஸ்டரின் இடம் அது. விமான நிலைய வாசலில் பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். எதிரே ஸ்டீரிங். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "மாப்பிள்ளை! என் சீட்டுல ஸ்டீரிங் வெச்சிருக்கானே!" என்று கத்தினார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் ஏதோ கொள்ளை நடக்கிறது என்று ஓடிவந்தார்.

இன்று அவர்களுக்குக் கல்யாண நாள். காலையில் அறையில் தலைவாரிக்கொண்டே அத்தை ஆரம்பித்தார்.

"சாயங்காலம் ஒரு நல்ல ஓட்டலா பார்த்துச் சாப்பிடணும். எங்கன்னு நீங்க சொல்லணும்."

"நானா? இந்த ஊர்ல எனக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? இத்தனை வருஷமா நான் ஒண்ணு சொல்வேன், நீங்க பிரேக் போடுவீங்க. இன்னைக்கு நீங்க சொல்லுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். மாப்பிள்ளையும் போனைப் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது. உங்களால முடியலைன்னா ரூம்ல ரொட்டி இருக்கு. தின்னுட்டுப் படுத்துடலாம்."

குரலில் கோபமே இல்லை. இன்றைக்கு ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தால், இனி அத்தை எதையும் கேட்கவே மாட்டார் என்று பட்டது. மாஸ்டருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பகல் முழுக்க ஒரு "கொஞ்சம் பொறு" கூட வரவில்லை.

டாக்ஸி எங்களை இறக்கிவிட்ட தெருவில் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள்தான். பலகைகளில் இருந்த எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். முதல் கடையில் கூட்டம். "இவ்ளோ பேர் நிக்கறாங்கன்னா உள்ள ஏதோ ஜாம் ஆயிருக்கு." அடுத்ததில் ஆளே இல்லை. "ஏன் இல்லை? அதை யோசிக்கணும்ல?" மூன்றாவதில் மெழுகுவத்தி வெளிச்சம். "தட்டுல என்ன கிடக்குன்னே தெரியாது. ஹெட்லைட் இல்லாம மலை ஏறற மாதிரி." இன்னொன்றில் படிக்கட்டு செங்குத்தாகக் கீழே இறங்கியது. எட்டிப் பார்த்தார், கால் தானாக ஒரு மிதி மிதித்தது, திரும்பிவிட்டார்.

ஒரு பெரிய ஓட்டலில் சுழல் கதவு. மாஸ்டர் அதன் முன் நின்றார். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது அவர் நடத்தும் பாடம். இந்த ஊரில் எல்லாமே மாறியிருக்கிறதே, இந்தக் கதவில் எந்தப் பக்கத்துக்கு வழிவிடுவது? வந்தவர் போனவர் எல்லாருக்கும் வழிவிட்டார். நான் பொறுமை இழந்து உள்ளே நுழைந்தேன், அவர் வரவில்லையே என்று கதவோடு சுற்றி மறுபடி அவர் எதிரிலேயே வந்து நின்றேன். "பாத்தியா, உள்ள போன மாப்பிள்ளையே திரும்பி வர்றாரு" என்று அத்தையிடம் சொல்லி அந்த ஓட்டலையும் கழித்துக்கட்டினார்.

எனக்கும் குழம்பிவிட்டது. கொஞ்சநேரத்தில் எந்தக் கடையைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பதே மறந்துபோனது. தெருவின் கடைசிவரை போய், எதிர்ச்சாரிக்குத் தாண்டாமல் அதே நடைபாதையில் திரும்பி வந்தோம். மாஸ்டர் ஒவ்வொரு வாசலிலும் என் முகத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். நடுவில் என் மனைவி போன் செய்தாள்.

"வேலை முடிஞ்சுது. எங்க வரணும்?"

"உங்கப்பாவையே கேளு" என்று போனை நீட்டினேன்.

"அப்பா?"

மாஸ்டரின் வாய் வழக்கமான சொல்லுக்குத் திறந்தது. அத்தை அவரைப் பார்த்தார். அவர் அதை விழுங்கிவிட்டு, "நீ வந்துட்டே இரும்மா" என்றார். எங்கே என்று சொல்லாமல் வந்துகொண்டே இருப்பது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை.

தெரு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோது அத்தை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "போதுங்க. ரூமுக்கே போலாம்." அதைச் சொல்லும்போது சிரிக்கக்கூட முயன்றார். என்னால் பார்க்க முடியவில்லை. நானே ஒரு டாக்ஸிக்குக் கைகாட்டினேன். அது வந்து நின்றது, கதவையும் திறந்தேன்.

"இரு" என்றார் மாஸ்டர்.

போச்சு, மறுபடியும் பிரேக் என்றுதான் நினைத்தேன். அவர் தெருவுக்குள் கை நீட்டினார். "அந்த நீலக் கதவு கடை. அங்கதான் சாப்பிடறோம்."

"எது? நான் பாக்கவே இல்லையே" என்றார் அத்தை.

"உன் கால் பாத்துச்சு. போகும்போதும் அந்த வாசல்ல ஸ்லோ ஆச்சு, வரும்போதும் ஸ்லோ ஆச்சு. வாயால சொல்ல மாட்டேன்னு சபதம், ஆனா மனசுல ஆசை இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"கடையைப் பாக்காம என் காலையா பாத்துட்டு வந்தீங்க?"

"வேற எதைப் பாக்கத் தெரியும் எனக்கு?"

அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தார். நான் டாக்ஸிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தேன். மாஸ்டர் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று போய், நீலக் கதவைத் தள்ளி, அது இழுக்கிற கதவு என்று தெரிந்து இழுத்து, உள்ளே போய்விட்டார். அப்போது அத்தை என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"செருப்பு புதுசு மாப்பிள்ளை. குதிகால் கடிக்குது. இந்த வாசல்ல நடைபாதை சரிவா இருக்கு பாருங்க, இங்க வந்தா உயிர் போகுது. அதான் மெதுவா நடந்தேன்."

"ஐயோ! அப்போ நீங்க இந்தக் கடையை..."

"நான் எங்க பாத்தேன்? எனக்குப் பசியில கண்ணே தெரியல."

"மாமாகிட்ட சொல்லிடவா?"

"மூச்சு விடாதீங்க" என்றார். கண்ணோரத்தை முந்தானையால் ஒத்திக்கொண்டு, நொண்டுவது தெரியாமல் நிமிர்ந்து உள்ளே போனார்.

நான் வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றேன். இந்த ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது யார்? அத்தை இல்லை. செருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கைநீட்டிச் சொன்னது மாஸ்டர். பொய் சொல்லாத கால் இன்றைக்குச் சொன்னது பொய்யா நிஜமா? எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கு, "நீலக் கதவு. அப்பாதான் சொன்னார்" என்று செய்தி அனுப்பினேன்.

சின்ன இடம். கெட்டியான மரமேசைகள், வெள்ளைத் துணி, சமையலறையிலிருந்து வெண்ணெய் உருகுகிற வாசனை. பணிப்பெண் கொடுத்த அட்டையில் ஒரு படம்கூட இல்லை, அந்த அறியாத எழுத்துதான் மேலிருந்து கீழ்வரை. மாஸ்டர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், என்னிடம் தள்ளினார். என்னிடமிருந்து அத்தை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பார்ப்பது போல விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது."

பணிப்பெண் கண்ணை அகல விரித்தாள். ஏதோ சொன்னாள். இரண்டு கைகளையும் விரித்து ஒரு அளவு காட்டினாள், பிறகு வாய்க்கு முன்னால் விசிறிக் காட்டினாள். பெரியதா, காரமா, சூடா, மூன்றுமா என்று விளங்கவில்லை.

"கொஞ்சம்..." என்றார் மாஸ்டர். மேசைக்கடியில் தொம்மென்று ஒரு சத்தம். என் தண்ணீர் டம்ளர் ஆடியது.

அத்தை விரலை எடுக்கவில்லை. அவரைப் பார்த்தார்.

மாஸ்டர் குனிந்தார். ஷூ கழற்றுகிற சத்தம் கேட்டது. வலது காலைத் தூக்கி நாற்காலியின் மேல் மடக்கி வைத்தார். பிறகு இடது காலையும். அந்தச் சின்ன நாற்காலியில் சம்மணம் போட்டு, இரண்டு முழங்காலும் மேசையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, பணிப்பெண்ணைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார்.