கடைசி இடத்துக்கு நடந்த அடிதடி

கூடைப்பந்தில் என் திறமை தோற்பதுதான். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அறுபதுகளின் கடைசியில், ஸ்டுட்கார்ட்டில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், என்னளவுக்கு இயல்பாகத் தோற்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. மற்றவர்கள் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டால் அது நடிப்பு என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். நான் உயிரைக் கொடுத்துப் பிடிக்கப் போனாலும் பந்து நழுவும்.

குமரிக் கடற்கரையிலிருந்து போனவள் நான். இந்தியப் பெண்கள் சுறுசுறுப்பானவர்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, எங்கள் அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ் என்னை அணியில் சேர்த்துக்கொண்டார். அவர்தான் அணித்தலைவி. எங்கள் வார்டு, குழந்தைகள் வார்டு, சமையலறை, சலவைக்கூடம் என்று ஆஸ்பத்திரியில் நான்கு அணிகள். வியாழக்கிழமை சாயங்காலம் நர்ஸிங் பள்ளியின் ஜிம்மில் ஆட்டம். அணிக்கு எட்டுச் சட்டை தைத்திருந்தார்கள். அதனால் அணிக்கு எட்டுப் பேர். அந்த நாட்டில் கணக்கு அப்படித்தான், சட்டைக்கு மேல் ஆள் கிடையாது.

ஆடத் தெரியாதவளுக்கு இந்த வம்பு எதற்கு என்று கேட்கலாம். ஆட்டம் முடிந்ததும் நான்கு அணிகளும் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலடும் ஆப்பிள் கேக்கும் சாப்பிடுவோம். ஊர் வம்பெல்லாம் அங்கேதான். மற்ற நாட்களில் நான் 'அந்த இந்திய சிஸ்டர்'. வியாழக்கிழமை மட்டும், நான் வரத் தாமதமானால், யாராவது ஒருத்தி நாற்காலியில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். ஊரை விட்டு வந்த பிறகு எனக்காக ஒருவர் இடம் பிடித்தது அங்கேதான். அதற்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் தோற்கத் தயாராக இருந்தேன்.

எங்களுக்கு நடுவர் ஓர் அமெரிக்க அம்மாள். ஊருக்கு வெளியே இருந்த ராணுவ முகாமில் அவர் கணவர் அதிகாரி. பொழுது போகாமல் எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டவர். இலையுதிர் காலத்தில் புதிய பயிற்சி நர்ஸ்கள் வரும்போது அவர்களை எந்த அணி எடுத்துக்கொள்வது என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும். அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். "கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. எங்கள் ஊரில் சம்பளம் வாங்கி ஆடுகிற பெரிய அணிகளுக்கே இதுதான் சட்டம். பலவீனமானவர்களுக்கு நல்ல ஆள் கிடைத்தால்தான் ஆட்டம் சமமாக இருக்கும்."

எல்லோரும் கை தட்டினோம். எங்கள் ஊர்க் கோயிலில் அசனம் என்று ஊருக்கே போடுகிற விருந்தில் கடைசியாக வருபவனுக்குத்தான் முதல் இலை என்று அறிவித்தால் எவன் நேரத்துக்கு வருவான் என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை.

வசந்த காலத்தில் ஒரு கசாப்புக்கடைக்காரரின் மகள் நர்ஸிங் பள்ளி நேர்முகத்துக்கு வந்தாள். வாசலில் குனிந்துதான் உள்ளே நுழைந்தாள். சாப்பாட்டு அறையில் எங்கள் தலைவி, உப்பு எடுக்கிற சாக்கில் அவள் பக்கத்தில் போய் நின்று, தையல்காரர் மாதிரி கண்ணாலேயே அளவெடுத்தார். அந்தப் பெண் அவள் ஊர் கிளப்பில் கூடைப்பந்து ஆடுகிறவள், அடுத்த இலையுதிர் காலத்தில் வந்து சேரப்போகிறாள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. அத்தோடு ஜெயிக்கிற ஆசை எல்லோருக்கும் விட்டுப்போயிற்று.

சலவைக்கூடத்துப் பெண்களுக்குத் தோற்க வரவில்லை. ஈரப் போர்வையைப் பிழிந்த கைகள், பந்தைச் சும்மா தூக்கிப் போட்டாலே கூடையில் விழும். குழந்தைகள் வார்டுக்காரிகள் ரோஷக்காரிகள், பாதி ஆட்டத்தில் மறந்துபோய் ஜெயித்துவிடுவார்கள். மிஞ்சியது நாங்களும் சமையலறையும்தான். கடைசி ஆட்டத்தில் இந்த இரண்டு அணிகளும் மோத வேண்டும். தோற்கிற அணிக்கு அந்த நெட்டைப் பெண்.

ஜெர்மானியர்கள் தோற்பதையும் ஒழுங்காகச் செய்பவர்கள். தலைவி எங்களுக்குத் தோற்கப் பயிற்சி கொடுத்தார். "வளையத்தை நன்றாகப் பார். குறி வை. பிறகு ஒரு சாண் தள்ளி எறி. உடனே வருத்தப்படு. சிரிக்காதே." யாருக்கும் அந்த வருத்தம் சரியாக வரவில்லை. கடைசியில் அவர் என்னை நடுவில் நிறுத்தி, "இவளைப் பாருங்கள், இதுதான் முறை" என்றார். நான் எறிந்த பந்து கூரை விளக்கில் பட்டுத் திரும்பியது. என் முகத்தில் உண்மையான வருத்தம். எல்லோரும் வியந்து பார்த்தார்கள். அணியில் நான்தான் முன்மாதிரி என்று வீட்டுக்குக் கடிதம் போட்டேன்.

கடைசி ஆட்டம் வந்தது. அப்படியொரு மரியாதையான ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பந்து அநாதையாக நடுவில் உருண்டுகொண்டிருந்தது. நாங்கள் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம், அவர்கள் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் பூஜ்யம்.

வேடிக்கை பார்க்க என் அறைத்தோழி வந்திருந்தாள். நாகர்கோவில்காரி, என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். வறுத்த கடலையைத் தோல் ஊதித் தின்றுகொண்டிருந்தாள். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நல்லாத்தான் தோக்குத. ஒங்க டீமுல எத்தன பேரு?"

"எட்டுப் பேருக்கா. சட்ட எட்டுதான இருக்கு."

"அப்பம் அந்த நெட்டச்சி வந்தா எவ சட்டயக் கழத்திக் குடுப்பா?"

நான் தலைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். நாளைக்கு வீட்டுக்குப் போகப்போகிற நோயாளியைப் பார்த்து வார்டில் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என் இடத்துக்கு இன்னொருத்தியைக் கொண்டுவர நானேதான் இத்தனை நாள் உருகி உருகி உழைத்திருக்கிறேன்! அதற்குப் பாராட்டு வேறு! எனக்கென்று பிடித்துவைக்கிற அந்த நாற்காலி போய்விட்டால், வியாழக்கிழமையும் மற்ற நாட்களைப் போலத்தான். ஜெயிப்பது என்று முடிவு செய்தேன்.

விசில் ஊதியதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் ஆட்கள் விக்கித்துப்போனார்கள். சமையலறைக்காரிகளுக்கு உடனே விளங்கிவிட்டது. வழி விட்டு ஒதுங்கினார்கள். கூடைக்குக் கீழே காவல் நின்றவள் உருளைக்கிழங்கு உரிக்கிற ஒரு கிரேக்கப் பெண், குள்ளம், நல்ல சதைப்பிடிப்பு. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவள் போல் கையை விரித்து, "வா, வா" என்று உள்ளே அழைத்தாள்.

தலைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்ன செய்கிறாய்? நில்!" எங்கள் அணியில் இருவர் என் முன்னால் கை விரித்து மறித்தார்கள். சமையலறைக்காரிகள் அவர்களை இடுப்பைப் பிடித்து விலக்கினார்கள். அமெரிக்க அம்மாள் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். சொந்த அணிக்காரியையே மறித்தால் என்ன தண்டனை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை போலிருக்கிறது. நான் எறிந்தேன், தவறியது. கிரேக்கப் பெண் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து என் கையிலேயே கொடுத்தாள். மறுபடி தவறியது, மறுபடி கொடுத்தாள். பிறகு எறிந்தது கூடைக்கு வெகு தூரம் தள்ளித்தான் போயிற்று. ஆனால் தலைவி அதைத் தடுக்க எம்பிக் குதித்தார். பந்து அவர் கையில் பட்டு நேராகக் கூடைக்குள் விழுந்தது.

ஆட்டம் முழுக்க விழுந்தது அந்த ஒன்றுதான். நாங்கள் ஜெயித்துவிட்டோம். தலைவி தரையில் உட்கார்ந்துவிட்டார். கிரேக்கப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கோடை முழுவதும் தலைவி வார்டு வேலையைத் தவிர என்னிடம் வேறெதுவும் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் அதே பின்னறையில் தேர்வு நடந்தது. சமையலறை அணி நெட்டைப் பெண்ணை எடுத்தது, எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சமையலறைத் தலைவி கிரேக்கப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவள் மடியில் வைத்திருந்த சட்டையை இன்னொரு தரம் நீவி மடித்துக் கொடுத்தாள். "நல்லதுதான், எனக்கும் முதுகு வலி" என்று சிரித்தாள். பிறகு எழுந்து சாலட் பாத்திரத்தை எல்லோருக்கும் நடுவில் நகர்த்தி வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனாள். அந்த சாலட்டைச் செய்ததே அவள்தான். நான் சாலட் தட்டைக் கீழே வைத்தேன். அவ்வளவு ஆசையாக எனக்குப் பந்து எடுத்துக் கொடுத்தபோது, அவளிடம் இந்தக் கணக்கைச் சொல்ல கடலை தின்னும் ஓர் அக்கா இல்லை.

அடுத்த தேர்வு எங்களுடையது. "ஜெயித்தவளே தேர்ந்தெடுக்கட்டும்" என்றார் தலைவி, குத்தலாக.

நான் கதவுப் பக்கம் கை காட்டினேன்.

"அவள் புதியவள் இல்லையே!"

"சட்டை இல்லாதவள் புதியவள்தான்."

அமெரிக்க அம்மாள் யோசித்துவிட்டு, அதில் தவறில்லை என்றார். தலைவி விடவில்லை. "நம்மிடம் எட்டுச் சட்டைதான். யார் போவது?"

"யாரும் போக வேண்டாம். என் சட்டையில் அவளுக்கும் பாதி."

அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இரண்டு பேரும் சேர்ந்தாலும் அரை ஆள்கூட தேறாது" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

அந்த வருஷம் முழுக்க, இடைவேளையில் ஜிம் கதவுக்குப் பின்னால் நின்று சட்டையை மாற்றிக்கொண்டோம். அதில் வெங்காய வாடை என்று நான் சொல்வேன், தேங்காயெண்ணெய் வாடை என்று அவள் சொல்வாள். அந்தத் தடவை எங்கள் அணி, யாரும் எந்தப் பயிற்சியும் எடுக்காமல், உண்மையாகவே கடைசியாக வந்தது.

முதல் தேர்வு எங்களுக்கு. புதிய பெண்கள் வரிசையாக நின்றார்கள், அதில் இருவர் நல்ல உயரம். தலைவி எழுந்து அவர்களைப் பார்த்தார், திரும்பி எங்களைப் பார்த்தார். "எங்களுக்கு ஆள் போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.