டோக்காய் என்ன காய்?

கிறிஸ்மஸ் கேக்குக்காகத் திராட்சை வற்றலைப் பிராந்தியில் ஊறப்போட்டிருந்த ஜாடியை நேற்று என் மனைவி திறந்தாள். அந்த வாசனையில் எனக்கு இலோனாவின் ஞாபகம் வந்துவிட்டது. பெயரைக் கேட்டு நீங்கள் ஒரு மாதிரியாகச் சிரிக்க வேண்டாம். இலோனாவுக்கு அப்போதே அறுபது வயது.

இலங்கை மலைநாட்டில் நோர்வூட் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை உல்லாச விடுதியாக்கியிருந்தார்கள். நான் அங்கே மேசை பரிமாறினேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, அரைகுறை ஆங்கிலம். ஒரு காலையில், தேயிலையைப் பற்றி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொழுந்து பறிக்கிறவர் யாரையாவது தெரியுமா என்று அங்கே தங்கியிருந்த இலோனா கேட்டார். என் அம்மாவே பறிக்கிறவர்தான் என்றேன். தானும் அப்படித்தான் என்று எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹங்கேரியில் டோக்காய் என்ற ஊரில் காலமெல்லாம் திராட்சை பறித்தவராம்.

அனுமதியில்லாமல் விருந்தினரைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது மனேஜரின் கட்டளை. அதை மீறிய ஒருவனுக்கு அதற்கு முந்திய மாதம்தான் வேலை போயிருந்தது. இருந்தும் கூட்டிப்போனேன். அந்த வயதில் எனக்குத் தைரியத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

"அம்மா, இவங்க டோக்காய்லேருந்து வர்றாங்க."

"டோக்காயா? அது என்னடா காய்?"

ஊரின் பெயர் என்றேன். பிறகு இலோனா சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அவர்கள் ஊரில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. இலையுதிர் காலக் குளிரில் அங்கிருந்து மூட்டம் எழும்பும். அந்த ஈரத்தில் ஃபுர்மிந்த் என்ற திராட்சையில் பூஞ்சணம் பிடித்துப் பழம் சுருங்கும். சுருங்கியதை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து அசூ என்ற இனிப்பு வைன் செய்வார்கள்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "பூஞ்சணம் புடிச்சதயா? மூட்டம் போட்டா நம்ம கொழுந்துல கொப்புள நோய்தான் வரும். பாவம்டா, நல்ல பழத்தயெல்லாம் தொரமாரே எடுத்துக்குவாங்க போல."

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

விடுதியின் வைன் பட்டியலில் படித்த அறிவைக் காட்ட, எகர் என்ற ஊரிலும் நல்ல சிவப்பு வைன் உண்டாமே என்று கேட்டேன். இலோனா உதட்டைப் பிதுக்கி, செய்கிறார்கள், செய்யட்டும் என்றார். ராகலைப் பக்கத்துத் தேயிலையைப் பற்றி எங்கள் நோர்வூட்காரர்களும் இதே உதட்டால்தான் பேசுவார்கள்.

பேசிக்கொண்டே அம்மாவின் கூடையில் அவரும் கைக்கு வந்த இலையையெல்லாம் பறித்துப் போட்டார். வினை அங்கேதான். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை கூடைக்குள் கையை விட்டுக் கிளறினார்.

"என்ன மேரிக்கா, முத்தல் எலயா கெடக்கு? ஒங்களுக்குமா சொல்லிக் குடுக்கணும்?"

இருபத்தைந்து வருடம் பறித்த அம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விருந்தாளியைக் காட்டிக்கொடுக்காமல், "பாத்துக்கிறேங்க" என்று மட்டும் சொன்னார்.

இலோனாவுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. கூடையை வாங்கிச் சாக்கில் கொட்டினார். சேற்றைப் பாராமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முத்தலை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அப்பப்பா, என்ன விரல்கள்! பத்து நிமிடத்தில் முத்தல் ஒரு பக்கம், கொழுந்து ஒரு பக்கம். வரிசையில் நின்ற பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தம்மாவுக்கு நம்ம தோட்டத்துல பேரு பதியலாம் போல" என்று கணக்கப்பிள்ளையே சிரித்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் இலோனா பையிலிருந்து ஒரு சின்ன அசூ போத்தலை எடுத்தார். அம்மா ஒரு மூடி குடித்தார். கண்ணை மூடினார்.

"அடேய், தேன்ல எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி இருக்குடா. சாமியார் பூசைக்கு வைக்கிறதவிட நல்லாருக்கு." சொன்ன வேகத்தில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அன்று அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

விஷயம் மனேஜர் காதுக்கு எட்டியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். இலோனா அதற்குள் அவரிடம் போய், இந்தப் பயணத்தில் இதுதான் சிறந்த நாள் என்று சொல்லியிருந்தார். மனேஜருக்கு யோசனை ஒன்று பிறந்தது. அடுத்த மாதமே கொழுந்து பறிப்பது விருந்தினர் நிகழ்ச்சியாகிவிட்டது.

அம்மா ஓய்வுபெற்று இப்போது எங்களோடு இருக்கிறார். அவர் பறித்த மலை கவனிப்பாரில்லாமல் காடாகிவிட்டது. விடுதி வாசலில் நூறு செடி மட்டும் அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் கூடையும் சேலையும் கொடுத்துப் பறிக்கச் சொல்கிறார்கள். படம் எடுத்து முடிந்ததும் அந்தக் கொழுந்தைக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள்.